டாக்சி நிறைய ஆள் ஏற்றலாம், பள்ளிக்கூடம் மட்டும் திறக்கக்கூடாதா?

"இன்னொரு கொரோனா வந்தால் முதல் நாளே பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்கள் பொறுப்பு." போன வாரம் இங்கே டர்பனில் ஒரு நண்பர் இப்படிச் சொன்னார். சுற்றி இருந்த நம்மவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான். இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

முதல் தடவை மூடியது சரிதான். 2020 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவின் முதல் தொற்று டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான் உறுதியானது. மார்ச் 18 முதல் பள்ளிகளை மூடினார்கள். வந்திருப்பது என்ன நோய், யாரைத் தாக்கும் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். புனித வெள்ளியன்று திருவிழாக் காணும் நம் மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்களில் அந்த வருஷம் கூட்டம் கூடவில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை.

என் கோபமெல்லாம் அந்த ஜூலை மாதத்தின் மேல்தான். ஜூலை 12 அன்று அதிபர் ரமபோசா தொலைக்காட்சியில் பேசினார். உள்ளூர் ஓட்டத்துக்கு, பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சிகள் முழுக்க ஆள் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். ஜூலை 23 அன்று மறுபடி வந்தார். அரசுப் பள்ளிகளுக்கு 27ஆம் தேதி முதல் நான்கு வாரம் விடுமுறை, மெட்ரிக் என்கிற கிரேடு 12 பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வாரம் என்றார். தனியார் பள்ளிகளை அந்த உத்தரவு கட்டுப்படுத்தவில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு டாக்சியில் போகலாம், ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு மேசை விட்டு ஒரு மேசையில் உட்காரும் வகுப்புக்கு வரக்கூடாது. அப்போது எங்களிடம் கிரேடு 12ம் 11ம் மட்டும்தான் திரும்பியிருந்தார்கள். மூக்குக்கு மேல் மாஸ்க் போடச் சொன்னால் போட்டார்கள். பெரியவர்களைவிட நூறு மடங்கு தேவலை.

ஆசிரியர் சங்கங்கள் மூடச் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆசிரியர் அறையில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்கூட இல்லாத பள்ளிகள் உள்ள நாட்டில் கை கழுவு என்று சொன்னால் எங்கே போய்க் கழுவுவது? அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்குத் தண்ணீர்த் தொட்டி, மாற்று ஆசிரியர், பிறகு வந்த தடுப்பூசி என்று மருந்து இருந்தது. ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியதே 2021 ஜூன் 23 அன்றுதான். அதை இன்னும் முன்னாலேயே தொடங்கியிருக்கலாமே?

அப்புறம் சாப்பாடு. அரசுப் பள்ளி உணவுத் திட்டத்தில் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியை மூடியபோது அடுப்பையும் அணைத்துவிட்டார்கள். வகுப்பு திரும்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பிள்ளைக்கும் சோறு போடுங்கள் என்று ஜூலை 17 அன்று பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு ஒரு கிரேடு 9 பெண் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தாள். சாம்ப் என்கிற உடைத்த மக்காச்சோளச் சோறும் பீன்ஸும் வாங்கி, சுவர் ஓரமாக நின்று நாலு கரண்டி சாப்பிட்டாள். பிறகு மூடியை அழுத்தி மூடிவிட்டாள். "தம்பிக்கு, மேம்" என்றாள். அவளுடைய அம்மா பொறுப்பில்லாதவரா? சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்து நமக்கெல்லாம் அரிசி பில் போட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மா. ஊரடங்கில் வேலைக்கு வா என்று அழைக்கப்பட்டவர். வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோமே என்பீர்கள். அனுப்பினோம். 2020 ஏப்ரலில் விலை குறைந்த பிறகும் ஒரு ஜிபி டேட்டா 99 ரேண்டாக இருந்தது. குழந்தைக்கு அரசு அப்போது தந்த மாத உதவித்தொகை 440 ரேண்ட். கணக்கு டீச்சர் கேட்கிறேன், இதில் எத்தனை ஜிபி வாங்கலாம்?

தனிமனிதப் பொறுப்பு என்று பேசுவதாக இருந்தால் நம்மிடமிருந்து தொடங்குவோம். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோம் என்று கராஜுக்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது யார்? துக்க வீட்டில் ஐம்பது பேர்தான் என்று சட்டம் சொன்னது. பதினாறாம் நாள் காரியத்தில் "நம்ம ஆளுங்கதானே, மாஸ்க்கைக் கழட்டிட்டுச் சாப்பிடுங்க" என்று உபசரித்ததை நானே கேட்டேன். அந்த வருஷக் கடைசியில் பாலிட்டோ கடற்கரை ஊரில் மெட்ரிக் முடித்த பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் நடந்து, அங்கே போனவர்கள் எல்லோரும் தனித்திருந்து பரிசோதனை செய்துகொள்ளும்படி சுகாதார அமைச்சரே சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பணம் கட்டி அனுப்பியது பெற்றவர்கள்தானே? டிசம்பரில் ஊரெல்லாம் சுற்றினோம், இரண்டாம் அலை வந்தது. 2021 ஜனவரி 27 அன்று திறக்க வேண்டிய பள்ளி பிப்ரவரி 15க்குத் தள்ளிப்போனது. கொண்டாடியவர்கள் ஒரு பக்கம், வீட்டில் அடைபட்டவர்கள் இன்னொரு பக்கம்.

ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் முறை 2022 பிப்ரவரி வரை இழுத்தது. அதன் விளைவு இப்போதும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு என்றால் மேலே மேலும் கீழே கீழும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான் ஒரு பையன். பாதியோடு இன்னொன்றைக் கூட்டினால் பாதியைவிடக் குறையுமா என்று கேட்டால் விழிக்கிறான். பின்னம் நடத்திய நாட்களில் அவன் வீட்டில் இருக்க வேண்டிய முறை. அவனுக்குப் பள்ளி முடிந்த பிறகு நான் சொல்லித்தருகிறேன். பக்கத்துப் பள்ளிகளில் இப்படி இருப்பவர்களுக்கு யார் சொல்லித்தருவது?

அதனால் நண்பருக்கு என் பதில் இது. அடுத்த முறை முதலில் கல்யாண மண்டபத்தை மூடுவோம், கேசினோவை மூடுவோம், நம் வீட்டு விசேஷங்களைத் தள்ளிவைப்போம். அப்படியும் அடங்கவில்லை என்றால் கடைசியாகப் பள்ளியைத் தொடுவோம். அப்போதும் சமையலறை மட்டும் ஒருநாளும் மூடக்கூடாது. பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தல் வரும்போது, நிற்கிற ஒவ்வொருவரிடமும் இதற்குச் சம்மதமா என்று கேட்கப்போகிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் நீங்களும் கேளுங்கள்.