கணக்கு கிளவுடில் இருக்கட்டும், ஒரு பிரதி கையிலும் இருக்கட்டும்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் கடையோ கம்பெனியோ நடத்துகிற எல்லாரிடமும் நான் சொல்வது இதுதான். கணக்கை கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளியூர் சர்வருக்கு (பெரிய கம்ப்யூட்டருக்கு)க் கொண்டு போங்கள். போன பிறகு மாசாமாசம் அதில் ஒரு பிரதியை எடுத்து உங்கள் கையில் வையுங்கள். முதல் பாதியைச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய, விற்கிறவர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லத்தான் ஆளில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் பாதிக்கு 2023 டிசம்பரை விட வேறு சாட்சி வேண்டாம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று ஏறி நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு கடைகளுக்குள் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சிபியு கல்லா மேசைக்குக் கீழே தரையில். பக்கத்திலேயே யுபிஎஸ். பேக்கப் எடுத்த பென் டிரைவ் அதே மேசையின் டிராயரில். மூன்றும் ஒரே சேற்றில். நனைந்த சரக்கைக் கண்ணால் பார்த்து மதிப்புப் போட்டுவிடலாம். டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்த பாக்கிப் பட்டியல் போய்விட்டால், யார் எவ்வளவு தரவேண்டும் என்று எதை வைத்துக் கேட்பது? கணக்கை வெளியே சர்வரில் வைத்திருந்தவர்கள், கரண்டும் நெட்டும் வந்ததும் வேறொரு லேப்டாப்பில் திறந்து வேலையைப் பார்த்தார்கள்.

அப்படித் தப்பித்த ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டார்: "அப்பம் நம்ம கணக்கு இப்பம் எங்க தம்பி கெடக்கு?"

"மும்பைல ஒரு கட்டடத்துல அண்ணாச்சி."

"அங்க வெள்ளம் வந்தா?"

சரியான கேள்வி. பெரிய கிளவுட் நிறுவனங்கள் இதற்கென்றே ஒரே தரவைத் தள்ளித் தள்ளி இருக்கும் கட்டடங்களில் வைக்கின்றன. அமேசானின் எஸ்3 சேமிப்பில் சாதாரணமாகப் போடுகிற கோப்பு, குறைந்தது மூன்று தனித்தனி மையங்களில் பரவி இருக்கும். ஒன்று முழுகினாலும் கோப்பு பிழைக்கும். இந்தப் பாதுகாப்பை ஜங்ஷனில் ஒரு கடைக்காரர் சொந்தக் காசில் கட்டவே முடியாது.

அது எப்படி நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிறது? ஒரு பெரிய சர்வரின் மேல் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஓடும். ஒரே இயந்திரத்தைப் பல தனிக் கம்ப்யூட்டர்களாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஒருவர் கணக்கு இன்னொருவர் கண்ணில் படாது. 1960களிலேயே ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களில் செய்த வித்தை இது. 2006 மார்ச்சில் சேமிப்பையும், ஆகஸ்டில் கம்ப்யூட்டரையும் உபயோகத்துக்கு ஏற்ற வாடகைக்கு அமேசான் விட்டபோதுதான் இது இன்றைய வியாபாரமாக மாறியது.

டவுனில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற அண்டாவை ஒரு கல்யாணத்துக்காக யாரும் வாங்குவதில்லை. விசேஷங்கள் வெவ்வேறு நாளில் வருவதால், கொஞ்சம் பாத்திரமே ஊர் முழுக்கச் சுற்றும். நல்ல முகூர்த்த நாளில்தான் திண்டாட்டம். அந்த முகூர்த்த நாளுக்கென்று கிளவுட் நிறுவனங்கள் கூடுதல் சர்வர் வாங்கி வைக்கின்றன. மற்ற நாளில் சும்மா கிடப்பதை அமேசான் 'ஸ்பாட்' என்று 90 சதவீதம் வரை தள்ளுபடியில் விடுகிறது. முழு விலைக்கு ஆள் வந்தால் 2 நிமிட நோட்டீசில் திரும்ப எடுத்துக்கொள்ளும். 1 வருஷமோ 3 வருஷமோ எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் 72 சதவீதம் வரை குறையும். வாடகைக்காரர் நிலையாக இருந்தால்தான் அடுத்த கட்டடத்துக்குத் தைரியமாகப் பணம் போட முடியும்.

லாபமும் சின்னதில்லை. 2024இல் அமேசானின் கிளவுட் பிரிவு சுமார் 10,760 கோடி டாலருக்கு விற்று, 3,980 கோடி டாலர் இயக்க லாபம் பார்த்தது. அந்த நிறுவனத்தின் மொத்த இயக்க லாபத்தில் பாதிக்கும் மேல் இது. நம் வீட்டுக்குப் பார்சல் கொண்டு வருகிற பக்கத்தை விட, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பக்கம்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது.

லாபம் சம்பாதிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. வெளியே வரும் வழியில் காசு வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தரவை உள்ளே கொண்டுவரக் கட்டணம் கிடையாது. அமேசானிலிருந்து வெளியே எடுக்க, மாதம் 100 ஜிபிக்கு மேல் போனால் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்று சட்டம் கொண்டுவந்த பிறகுதான், 2024 ஜனவரியில் கூகுளும் மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும், ஒரேயடியாக விட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார்கள். சட்டம் கேட்டால் நடக்கும் என்பதற்கு இதுவே போதும். நம் அரசும் கேட்க வேண்டும்.

நம் ஊர் வியாபாரிக்கு 100 ஜிபி எல்லாம் வராது. அவர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். எனக்குத் தெரிந்த ஒரு மருந்து மொத்த வியாபாரி, சந்தாவை ஏற்றிவிட்டார்கள் என்று பில்லிங் மென்பொருளை மாற்றப் பார்த்தார். "என் கணக்கைக் கொடுங்க" என்று கேட்டதற்கு வந்தது கட்டுக் கட்டாக பிடிஎஃப். பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, ஜிஎஸ்டிக்கான எச்எஸ்என் சரக்குக் கோடு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, இன்னொரு மென்பொருளில் ஏற்ற வழியில்லை. கடைசியில் ஆள் வைத்து வரி வரியாக அடித்து ஏற்றினார். தன் சொந்தக் கணக்குக்கு!

பெரிய இடத்திலும் பாருங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்கள் வைக்கும் கட்டடம்) ஒன்று எரிந்து போனது. வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்களின் தரவு திரும்பவில்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி கூகுளிடம் வைத்திருந்த தனி கிளவுடே, கூகுள் பக்கம் நடந்த அமைப்புப் பிழையால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. டெல்லி உயர்நீதிமன்றம் போன பிறகுதான் திரும்ப வந்தது. குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கிற கம்பெனிக்கே இதுதான் நிலைமை.

நம் பக்கத்திலேயே தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இருக்கிறது. அமேசானிடம் வாடகைக்குப் போகாமல், தன் மென்பொருளைச் சொந்த டேட்டா சென்டர்களில் ஓட்டுகிறது. எனக்கு அதில் நிஜமான பெருமை உண்டு. இந்த வேலை தெரிந்த பிள்ளைகள் குற்றாலத்துப் பக்கமே இருந்து சம்பாதிக்க முடிகிறதே! ஆனாலும் சொல்கிறேன், அவர்களிடம் வைத்தாலும் பிரதி எடுக்கத்தான் வேண்டும்.

மென்பொருள் வாங்கும் முன்னாலேயே, "மொத்தத்தையும் எக்செல்லில் எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் வாங்காதீர்கள். எடுத்த கோப்பைக் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, போன மாத மொத்த விற்பனை ஒத்து வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் வைக்காமல் வீட்டில், மாடியில் வையுங்கள்.

இன்னொன்று, இதை நம் ஊரில் அதிகம் பார்க்கிறேன். அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறது? முதலில் போட்டுக் கொடுத்த தம்பி, தன் மெயிலையும் தன் போன் நம்பரையும் கொடுத்துத் திறந்திருப்பார். அவர் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய் வருஷமாகியிருக்கும். ஓடிபி இன்னும் அவர் போனுக்குத்தான் போகும். முதலாளி நம்பருக்கும் கடையின் மெயிலுக்கும் மாற்ற வேண்டுமானால், அந்த ஓடிபியை ஒரு தடவையாவது அவர்தான் சொல்ல வேண்டும். அவர் நம்பரை மாற்றுவதற்குள் இன்றைக்கே கூப்பிட்டு விடுங்கள்.