பிஎஸ்சி படித்துவிட்டு கிளினிக் திறக்கலாமா?

"நாலு வருஷம் பிசிஷியன் அசிஸ்டெண்ட் படித்தால் போதும், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டு சொந்தமாக கிளினிக் வைக்கலாம்." கடலூர் பக்கம் பிளஸ் டூ பெற்றோர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பிஎஸ்சி பிசிஷியன் அசிஸ்டெண்ட், அதாவது மருத்துவருக்கு உதவியாளராவதற்கான படிப்பு, உண்மையானது. 1992-இல் சென்னையில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டுத் தொடங்கியது. நோயாளியின் முன்கதையைக் கேட்டு எழுதுவது, பரிசோதிப்பது, ரவுண்ட்ஸ் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவையில் உதவி எல்லாம் செய்யலாம். ஆனால் பொறுப்பு மருத்துவருடையது. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இதைப் படித்தவர்களை அங்கீகரிக்கிறது. அந்த அங்கீகாரத்தைத்தான் 'டாக்டர் லைசென்ஸ்' என்று திரித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு முடித்த நர்ஸ்) தாமே மருந்து எழுதுகிறார். அதைக் காட்டும் வீடியோவை இங்கே பொருத்துவது அடுத்த குழப்பம். நம் ஊரில் நர்ஸ் பிராக்டிஷனர் என்பது பிஎஸ்சி நர்சிங்குக்கு மேல் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது.

ஷெட்யூல் எச் (சீட்டில்லாமல் விற்கக் கூடாத) மருந்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும் என்றிருக்கும். பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால், 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.