பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுப்பது?

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்கினால் போதும், ஒரே மாதிரி செய்திகள் வர ஆரம்பித்துவிடும். "பையன் பிளஸ் ஒன். பாடப் புத்தகம் தவிர எதையும் தொடமாட்டேங்கிறான். நல்லதா நாலு புத்தகம் சொல்லுங்க." கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். பணம் சேர்ப்பது எப்படி, விடிகாலையில் எழுவது எப்படி, உன்னை நீ கண்டுபிடிப்பது எப்படி. நான் தலையாட்டினால் போதும், வாங்கிவிடுவார்கள். வாங்கிய புத்தகம் அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கும்.

நான் சொல்லும் பட்டியலைக் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. "அய்யோ, அதெல்லாம் பெரியவங்க படிக்கிறதாச்சே" என்கிறார்கள். வீடு, சாதி, அப்பா, அம்மாவின் ரகசியம், உடம்பு இதையெல்லாம் பேசும் நாவல்களைப் பதினாறு பதினேழு வயதிலேயே படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தன்னம்பிக்கைப் புத்தகங்களில் வரும் இளைஞனுக்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது, அத்தை சித்தப்பா கிடையாது. அவன் தனியாக உட்கார்ந்து 'நான் யார்' என்று யோசிப்பான், விடையும் கிடைத்துவிடும். நம் ஊரில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா? நம் நல்ல நாவல்களிலும் தன்வரலாறுகளிலும் யாரும் தன்னைத் தேடிப் போவதில்லை. வேறு யாரோ வந்து, நீ இன்னார் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தெருவில் ஒருவர் சொல்கிறார், வீட்டில் சித்தி சொல்கிறாள், தாலுகா ஆபீஸில் ஒரு காகிதம் சொல்கிறது. கதை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது: இல்லை என்று வாதாடுவதா, ஆமாம் என்று நிமிர்வதா, ஓடிப் போவதா?

பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடம் உண்டு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வருகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சணலில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஏன் அப்படித் தூக்கிப் போனார், யாருக்காகத் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான். ஒரு பொட்டலம் போதும். அது வரைக்கும் விளையாட்டுப் பிள்ளையாக இருந்தவளுக்கு, ஊரில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

பாமாவின் அண்ணன்தான் ஆய்வாளர் ராஜ் கௌதமன் என்பது இலக்கியம் படிப்பவர்களுக்குத் தெரியும். அவர் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர், இரண்டு புத்தகம். அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அசந்து போவீர்கள். தங்கை எழுதியதில் கோபம் நேராக வருகிறது. அண்ணன் எழுதியதில் ஊர், பள்ளிக்கூடம், பாதிரியார்கள், ராணுவத்தில் இருக்கும் அப்பா என்று எல்லோரையும், முக்கியமாகத் தன்னையே, நக்கல் செய்துகொண்டு போகிறார். சத்தமாகச் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று சங்கடப்பட வைக்கிற எழுத்து அது. தலித் கிறிஸ்தவனான சிலுவைராஜ் படித்துப் பட்டம் வாங்கிவிடுகிறான். வேலை என்று வரும்போதுதான் காகிதம் குறுக்கே நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக இருப்பவர் பட்டியல் சாதியாகக் கணக்கில் வரமாட்டார். தெருவில் எல்லோருக்கும் அவன் யாரென்று தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. கடைசியில் சான்றிதழுக்காக அவன் இந்துவாக மதம் மாறுகிறான். இந்தச் சிக்கலை எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகம் தீர்த்து வைக்கும், சொல்லுங்கள்.

"சாதி தெரியாம வளர்க்கிறோம், நீங்க இந்தப் புத்தகத்தைக் கொடுத்துக் கெடுக்காதீங்க" என்று ஒரு நண்பர் நேரடியாகவே சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையை இ-சேவை மையத்தில் வரிசையில் நிறுத்தி சாதிச் சான்றிதழ் வாங்கியதும் அவர்தான். தென் மாவட்டங்களில் பள்ளிப் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் எதைச் சொல்கிறது என்று பையன்களுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டியது அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் விஷயத்தில் அவர்கள் நம்மைவிடப் பல வருடம் முன்னால் போய்விட்டார்கள். வழித்துணையாக ஒரு நல்ல புத்தகம் கூட இல்லாமல்.

இங்கேதான் பூமணியின் 'வெக்கை' வருகிறது. 1982இல் எழுதியது. 'அசுரன்' படம் பார்த்தவர்கள், கதை தெரியும் என்பார்கள். படம் வேறு, நாவல் வேறு. படத்தில் நடு இடம் அப்பாவுக்குப் போய்விட்டது; தனுஷ் இருக்கும்போது வேறு எப்படிச் செய்வது? நாவலில் நடுவில் இருப்பது பதினைந்து வயதுச் சிதம்பரம். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டிவிட வேண்டும் என்று போகிறான், ஆள் செத்துவிடுகிறான். முதல் பக்கங்களிலேயே அது முடிந்துவிடுகிறது. மிச்ச நாவல் முழுக்க அப்பாவும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிவதுதான். பசிக்கிறது, சோறு பொங்குகிறார்கள். தாகம், தண்ணீர் தேடுகிறார்கள். எங்கே படுப்பது என்று பார்க்கிறார்கள். அம்மாவையும் தங்கச்சியையும் நினைத்துக்கொள்கிறார்கள். அரிவாளை எடுத்தால் அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதை இவ்வளவு நிதானமாக, பிரசங்கம் பண்ணாமல் சொன்ன புத்தகம் தமிழில் எனக்கு வேறு ஞாபகம் வரவில்லை.

அக்கா மகன் பிளஸ் டூ லீவில் வந்திருந்தபோது இதைக் கொடுத்தேன். திருநெல்வேலிப் பையன், கரிசல் பேச்சு அவனுக்குப் பழக்கம்தான், அதனால் தடங்கல் இல்லை. படித்துவிட்டு வந்து கொலையைப் பற்றியோ சாதியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, அவங்க அய்யா ஏன் அவனைத் திட்டவே இல்ல?" என்றான். எத்தனையோ தடவை படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. உண்மைதான், இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு வந்தவனிடம் அந்த அப்பா கத்தவில்லை. அடுத்த வேளைக்கு என்ன வழி என்று பார்க்கிறார். மார்க் குறைந்ததற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத அப்பா இருக்கும் வீட்டிலிருந்து வந்த பையன் அதைத்தான் முதலில் பார்த்திருக்கிறான். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். (அத்தான் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும் இதே வயதுப் பிள்ளைகளின் கதைதான். பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் கூளையனும் பண்ணையக்காரர் மகன் செல்வனும் சேர்ந்து விளையாடுகிறார்கள். எவ்வளவு தூரம் சிநேகிதன், எந்த இடத்திலிருந்து எசமான் மகன் என்ற கோடு நாவல் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் இதை முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள். ஆடும் காடும் மட்டுமே இருக்கும் பக்கங்கள் நிறைய. செல்போனில் வளர்ந்த பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுமை பழகிய பிறகு கொடுக்கலாம். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' அப்படி இல்லை. கிரிக்கெட் மட்டையோடு திரியும் ஒரு கல்லூரிப் பையன், ரயில்வே குடியிருப்பு, மாடு என்று தொடங்கி அது பாட்டுக்கு ஓடும். செகந்தராபாத், நிஜாம் ஆட்சியின் கடைசி வருடங்கள். நேற்று வரை பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் முஸ்லிம், இந்து என்று பிரிந்து நிற்கிறார்கள். சந்திரசேகரன் எந்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை, பெயரே அவனை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. கடைசிப் பக்கங்கள் கடினமானவை. அதைப் படித்த இரவில் பிள்ளையோடு பேச வீட்டில் ஒரு ஆள் இருந்தால் நல்லது.

பெண் பிள்ளைகளின் கதையில், 'நீ இன்னார்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் வெளியே இருந்து வருவதே இல்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர். லிஸி வளர்ந்துவிட்டாள், எனவே பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை, தாத்தாவுக்கு அவள் மீது உயிர். குடும்பத்தில் பணம் போய்விட்டது, பெருமை மட்டும் போகவில்லை. அதனால் அவள் விரும்பும் பனையேறி வீட்டுப் பையன், ஒரே சாதியாக இருந்தும், அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறான். நாற்பது வருடம் கழித்து 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. மதம் வேறு, ஊர் வேறு, அதே கதவு. சல்மாவே பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். ராபியா என்ற சிறுமியின் கண் வழியாக வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வதையெல்லாம் நாம் கேட்கிறோம். அந்தப் பேச்சு பச்சையாக இருக்கும், உண்மையாகவும் இருக்கும். பெண் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் அம்மாக்கள் பையனுக்காவது கொடுங்கள். பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று ஒரு எழுத்து கூடத் தெரியாமல்தான் நம் பையன்கள் கல்யாணம் வரை வருகிறார்கள்.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' வந்தபோது (1966) கிளம்பிய கூச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அப்புவுக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது வேறு. தன் பாவத்துக்கு ஒரு பரிகாரமாகத்தான் அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவள் அவனை வேத பாடசாலைக்கு அனுப்புகிறாள். பிள்ளை என்னவாக வேண்டும் என்பதைத் தன் கணக்கை நேர் செய்வதற்காகத் தாய் முடிவு செய்துவிடுகிறாள். வேதத்துக்குப் பதில் இன்று எம்.பி.பி.எஸ். என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று வீடு சொல்லும்போது அதில் பொருந்தாத பிள்ளை என்ன செய்யும்? ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' நாவலில், கொழும்பில் பாட்டி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் கூடி கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள். மணப்பெண் எப்போதும் ஆர்ஜி என்ற பையன்தான். ஒரு நாள் அத்தை அவனைச் சேலையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் முன்னால் நிறுத்துகிறாள். ஒரு மாமா கேலி பேச, எல்லோரும் சிரிக்கிறார்கள், அப்பா அம்மாவுக்கு முகம் செத்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு வரைக்கும் அவனுக்கு அது விளையாட்டுதான். திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) நம் ஊரில், நாவல் என்ற திரை கூட இல்லாமல், அதே வலியைச் சொல்வது. ஆண் வாரிசு என்று தவமிருந்து பெற்ற பிள்ளை என்ற பாரம் எவ்வளவு கனம் என்று அதில் தெரியும்.

இந்தப் பட்டியலில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். எல்லாம் பழைய காலம், பழைய ஊர். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் விளக்கணைக்கும் நேரம் வரை சூத்திரம் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, நீட்டுக்காக இரண்டாம் வருடம் வீட்டிலேயே அடைந்து கிடக்கும் பிள்ளைக்கு, தன் முகத்தைக் காட்டும் நாவல் வர வேண்டும். அந்த அறைகளிலிருந்து வெளியே வந்தவர்கள்தான் அதை எழுத முடியும்.

இன்றைய வீட்டுக்கு ரொம்ப நெருக்கமாக வந்தது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. இன்ஜினியரிங் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். தலைமை ஆசிரியரான அப்பாவும் குடும்பமும் வார்டுக்கு வெளியே காத்திருக்கிறார்கள். பணம் இருக்கிறது, செலவழிக்க வழியில்லை. அவள் ஏன் அவனைத் தேர்ந்தெடுத்தாள் என்று கடைசி வரை அவர்களுக்குப் பிடிபடவில்லை. அவளிடம் உட்கார்ந்து கேட்டவர்களும் இல்லை.

இந்தப் புத்தகத்தை மட்டும் நான் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்வதில்லை. "நல்லதா நாலு புத்தகம்" கேட்டு வரும் அப்பா அம்மாவிடம் கொடுக்கிறேன். முதலில் நீங்கள் படியுங்கள், பையனுக்கு எது என்று அப்புறம் பேசலாம் என்கிறேன். பாதிப் பேர் அதோடு திரும்பி வருவதில்லை. வந்தவர்களில் ஒருவர், "பையனுக்கு வெக்கையே கொடுங்க, ஆனா நானும் கூடப் படிக்கிறேன்" என்றார். அவருக்கு என்னிடமிருந்த பிரதியையே கொடுத்தனுப்பினேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது வேண்டுமென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் வயதையும் எந்த ஊர்ப் பேச்சு பழக்கம் என்பதையும் கீழே எழுதினால், எதில் தொடங்கலாம் என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.