777-ல் அதிக தூரம் பறக்கும் ரகம் ஏன் விற்கவில்லை?

போயிங் 777 பற்றிப் பேச்சு வந்தால் ஹாங்காங்–லண்டன் சாதனையும் கூடவே வந்துவிடும். 2005 நவம்பரில் ஒரு 777-200எல்ஆர் ஹாங்காங்கில் கிளம்பியது. நேர்வழியை விட்டுவிட்டுக் கிழக்கே போய், பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் எல்லாவற்றையும் தாண்டி லண்டனில் இறங்கியது. 21,602 கி.மீ., 22 மணி 42 நிமிடம், நடுவில் எங்கும் தரை தொடவில்லை. மலைக்க வைக்கும் வேலைதான். ஆனால் அன்று அதில் இருந்தவர்கள் 35 பேர். இந்த 35-ஐ மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த ரகம் மொத்தம் விற்றது சுமார் 60. அதே இறக்கை, அதே இன்ஜின் குடும்பம், உடல் மட்டும் 10 மீட்டர் கூடுதல் நீளமான 777-300இஆர் 800-க்கு மேல் விற்றது. ஒரு நெடுந்தூர விமானத்தை "எவ்வளவு தூரம் போகும்" என்று கேட்டு மதிப்பிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு சுமையோடு அவ்வளவு தூரம் போகும் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் 777 குடும்பத்தின் முப்பது வருடக் கதை புரியும்.

1995 ஜூனில் யுனைடெட் ஏர்லைன்ஸ் முதல் 777-200-ஐ லண்டன்–வாஷிங்டன் பறக்கவிட்டபோது, அந்த ரகத்தின் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 247 டன். ஒன்பது வருடம் கழித்து 300இஆர் வந்தபோது அது 351.5 டன். உடலின் விட்டம் மாறவில்லை, அதே 6.2 மீட்டர்தான். இடையில் ஏறிய 100 டன்னுக்கு முதல் காரணம் இன்ஜின். முதல் தலைமுறைக்கு பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ் ராய்ஸ், ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) என்று மூன்று இன்ஜின் கடை இருந்தது. 1999-ல் புதிய நெடுந்தூர ரகங்களுக்கு ஜிஇ மட்டும்தான் என்று போயிங் முடிவெடுத்தது. ஒரே கடை என்றால் வாங்குபவருக்குப் பேரம் பேச வழியில்லை. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே சொல்வேன். மொத்தச் சந்தையும் கையில் இருக்கும் என்ற உறுதி இல்லாமல் 3.25 மீட்டர் விசிறியும் 1,15,300 பவுண்டு உந்துவிசையும் கொண்ட ஜிஇ90-115பி-யில் எவரும் அவ்வளவு பணத்தை இறக்கியிருக்க மாட்டார்கள்.

இறக்கையின் முனையைச் சாய்வாக நீட்டி, அகலத்தை 60.9-லிருந்து 64.8 மீட்டர் ஆக்கினார்கள். 65-க்கு இந்தப் பக்கம் நின்றதற்குக் காரணம் விமான நிலைய கேட். இந்த வகை விமானங்களுக்கான நிறுத்துமிடங்கள் 65 மீட்டருக்குள் அளந்து கட்டப்பட்டவை.

அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி பின்சக்கரக் கட்டு. 300இஆர் 73.9 மீட்டர் நீளம். மூக்கைத் தூக்கும்போது வால் ரன்வேயில் உரசும் ஆபத்து அதிகம். வழக்கமாக ஆறு சக்கரக் கட்டின் நடுவில் இருக்கும் அச்சில்தான் விமானம் சாயும். 300இஆரில் ஒரு ஹைட்ராலிக் தண்டு கட்டின் முன்பக்கத்தைப் பூட்டிப் பிடிக்கும். அதனால் விமானம் கடைசி ஜோடிச் சக்கரத்தை ஊன்றி எழும்பும், கால் சற்று உயரமானது போல ஆகும். வால் தட்டுவதற்கு முன் மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கலாம், குறைந்த வேகத்திலேயே தரையை விடலாம். அதே ரன்வேயில் இன்னும் சில டன் ஏற்றலாம். ஒரு தண்டு செய்யும் வேலை இது.

இனி கணக்கு. போயிங் தரும் எண்களின்படி 300இஆரின் காலி எடை சுமார் 168 டன். டேங்க் நிறைய எரிபொருள் 1,81,283 லிட்டர், அதாவது 145.5 டன். இரண்டையும் 351.5-ல் கழித்தால் மிச்சம் 38 டன். விளம்பரத்தில் போடும் தூரம் 396 பயணிகளோடு 13,650 கி.மீ. ஒரு ஆளுக்கு மூட்டையோடு 95 கிலோ வைத்தால் 396 பேர் 37.6 டன். புரிகிறதா? விளம்பரத்தில் இருக்கும் தூரம் என்பது டேங்க் நிறைய எரிபொருள், சீட் நிறைய ஆள், அடித்தளத்தில் காசு தரும் கார்கோ ஒரு கிலோகூட இல்லாத நிலை. அதிலும் படுக்கும் சீட்டு, கிச்சன், திரை எல்லாம் பொருத்தினால் காலி எடை ஏறும். ஏறும் ஒவ்வொரு டன்னும் அந்த 38-லிருந்துதான் போகும்.

மறுமுனையைப் பாருங்கள். எரிபொருள் இல்லாமல் விமானமும் சுமையும் சேர்ந்து 237.7 டன்னைத் தாண்டக் கூடாது. அந்த எல்லை வரை ஏற்றினால் சுமை கிட்டத்தட்ட 70 டன், எரிபொருளுக்கு மிச்சம் 114 டன். அதைக் கொண்டு பத்தாயிரம் கி.மீ. சொச்சம் போகலாம். துபாய்–லண்டன், டோக்கியோ–பாரிஸ் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். உலகின் பணம் கொழிக்கும் தடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. இந்தத் தூரத்தில் பயணிகளை நிரப்பிய பிறகும் இருபது, முப்பது டன் சரக்கு ஏற்ற இடமும் பலமும் உண்டு. கீழே எல்டி-3 என்ற வழக்கமான விமானச் சரக்குப் பெட்டி 44 போகும். 200எல்ஆரில் 32-தான். நான்கு இன்ஜின் போட்ட ஏர்பஸ் ஏ340-600 இதன் எதிரே தாக்குப்பிடிக்காமல் 97 விமானங்களோடு நின்றுபோனதில் இந்த அடிவயிற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

200எல்ஆரின் கணக்கு வேறு மாதிரி. காலி எடை 145 டன், அதிகபட்ச எடை 347.5 டன். டேங்கை நிரப்பினாலும் இன்னும் 57 டன் தாங்கும். 317 பயணிகளை ஏற்றினால் 30 டன், அதன் பிறகும் 27 டன் தாங்கும் பலம் மிச்சம். அண்ணன் 300இஆருக்கு எடைதான் தடை, தம்பி 200எல்ஆருக்கு டேங்க்தான் தடை. அதனால்தான் கார்கோ அறையில் மூன்று கூடுதல் டேங்க் வைத்து 2,02,570 லிட்டர் வரை கொண்டுபோக வழி செய்தார்கள். அப்படி டேங்க் வைத்தால் கன்டெய்னர் வைக்கும் இடம் போய்விடும்.

இதில் இன்னொரு பிடி இருக்கிறது. கூடுதலாக ஏற்றும் எடையில் சுமார் 3 முதல் 4 சதவீதம் ஒவ்வொரு மணி நேரமும் எரிபொருளாகவே கரையும். பதினாறு மணி நேரப் பயணத்தில் கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே அதில் பாதிக்கு மேல் கூடுதலாக எரிக்க வேண்டும். பைலட் சம்பளமும் இன்ஜின் பராமரிப்பும் இரண்டு ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள 200எல்ஆரில் சீட்டு குறைவு. ஏர் இந்தியா எட்டு 200எல்ஆர் வாங்கி அதில் ஐந்தை அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்றது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு சுமார் 14,000 கி.மீ. பறந்ததும் மிச்சமிருந்த 200எல்ஆர்தான்.

அந்தத் தடம் நல்ல உதாரணம், ஏனென்றால் அது வட துருவம் பக்கம் போகிறது. அமெரிக்காவில் ஊற்றும் ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை −40 டிகிரி. நம்மூரில் கிடைக்கும் ஜெட் ஏ-1-க்கு −47. பல மணி நேரம் குளிரில் ஊறினால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளும் குளிர்ந்துகொண்டே வரும். உறைநிலைக்கு 3 டிகிரி மேலேயாவது இருக்க வேண்டும் என்பது விதி. நெருங்கினால் பைலட் கீழே இறங்குவார், வழியை மாற்றுவார், அல்லது வேகத்தைக் கூட்டுவார். ஒலியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு (மாக் 0.01) கூட்டினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் சூடு கிடைக்கும். மூன்றுக்கும் எரிபொருள்தான் விலை. அதைக் கிளம்பும் முன்பே சேர்த்து ஏற்ற வேண்டும், சுமை அந்த அளவுக்குக் குறையும்.

எரிபொருள் உறையாமலே ஆபத்து வந்ததும் உண்டு. 2008 ஜனவரி 17, பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777-200இஆர், ஹீத்ரோ ரன்வேக்கு முன்னாலேயே புல்தரையில் விழுந்தது. எரிபொருள் −34 வரைதான் குளிர்ந்திருந்தது. ஆனால் அதில் எப்போதும் இருக்கும் துளி நீர் குழாய்க்குள் பனியாகப் படிந்து, இறங்கும் நேரத்தில் மொத்தமாகப் பெயர்ந்துபோய், எரிபொருளை எண்ணெய்ச் சூட்டால் வெதுவெதுப்பாக்கும் பாகத்தின் வாயை அடைத்துவிட்டது. அதில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் இன்ஜினின் அந்தப் பாகத்தில் நுண்குழாய்களின் முனைகள் தட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன, பனி அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது. திருத்தம், முனைகளைத் தட்டோடு மட்டமாக்கியது. 152 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

வெயில் இதன் மறுபக்கம். ஜிஇ90-115பி முழு உந்துவிசையைத் தருவது சுமார் 30 டிகிரி வரைதான். சென்னையிலோ துபாயிலோ மே மாத மதியம் 40 டிகிரியில் கிளம்பினால் இன்ஜினும் சோரும், காற்றும் அடர்த்தி குறைந்திருக்கும். நெடுந்தூரப் பயணமாக இருந்தால் கார்கோவைத்தான் முதலில் இறக்குவார்கள்.

சரி, 200எல்ஆருக்குச் செய்த வேலை வீணா? இல்லை. அந்த மிச்சப் பலம் வேறொரு உருவில் விற்றது. 2009-ல் வந்த 777 சரக்கு விமானம் 200எல்ஆரின் உடல், இறக்கை, இன்ஜின் மேல் எழுந்ததுதான். நூறு டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு 9,000 கி.மீ. போகும். பயணிகள் ரகத்தைப் போலப் பல மடங்கு, 200-க்கும் மேல் விற்றது.

2013-ல் அறிவித்த அடுத்த தலைமுறை 777எக்ஸிலும் இதே பாடத்தைப் பார்க்கிறேன். அதன் பெரிய ரகமான 777-9-இன் அதிகபட்ச எடை அதே 351.5 டன். இறக்கையை 71.75 மீட்டராக்கி, இரு முனையிலும் சுமார் 3.5 மீட்டரை மடித்து கேட்டுக்குள் நுழைய வைத்தார்கள். நீண்ட இறக்கையே எடையைத் தாங்குவதால் புதிய இன்ஜினான ஜிஇ9எக்ஸின் உந்துவிசை 1,05,000 பவுண்டாகக் குறைந்தது. 426 பேரோடு சுமார் 13,500 கி.மீ., தூரத்தில் 300இஆரோடு கிட்டத்தட்ட சமம். போயிங் தூரத்தைத் துரத்தவில்லை, சீட்டைக் கூட்டியது. இந்தத் தேர்வில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை காலத்தில்தான். 2020 ஜனவரியில் பறந்த விமானம், 2024-ல் இன்ஜினைத் தாங்கும் இணைப்புத் தண்டில் விரிசல் கண்டு சோதனையே நின்று, இப்போது 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

16,000 கி.மீ. போகும் என்று சொல்லப்பட்ட, 777எக்ஸின் இன்னொரு ரகமான 777-8-க்கு வந்த வாடிக்கையாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சிட்னியிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறக்க நினைத்த ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ்கூட 2022-ல் ஏர்பஸ் ஏ350-1000-ஐ எடுத்துக்கொண்டது. அதே வருடம் ஜனவரியில் கத்தார் ஏர்வேஸ் 777-8-இன் சரக்கு ரகத்துக்கு 34 ஆர்டர் கொடுத்தது.