மெதுவாகப் பாடினால் சோகம் வந்துவிடுமா?

துள்ளலான ஒரு பாட்டை எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு, மூச்சுக்காற்று கலந்த குரலில் பாடிவிட்டால் போதும், இப்போதெல்லாம் அது 'உருக்கமான கவர்' (ஒருவர் பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடுவது) ஆகிவிடுகிறது. கமெண்டில் ஆளாளுக்கு அழுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

'மேட் வேர்ல்ட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு வெளியிட்டபோது அது சிந்தசைசர் தாளத்தோடு ஆடவைக்கிற பாட்டு. 2001-இல் மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் ஒரு படத்துக்காக அதைப் பியானோவில் மெதுவாக்கினார்கள். அழகான கவர், மறுக்கவில்லை. ஆனால் அதில் முதல் சுரத்திலேயே 'இது சோகம்' என்று சொல்லிவிடுகிறார்கள். மூலப் பாட்டில் உள்ளுக்குள் நொறுங்கிப்போன ஒருவன் எல்லாரோடும் சேர்ந்து ஆடிக்கொண்டே அந்த வரிகளைச் சொல்வதுபோல இருக்கும், தாளம் அவனை நிற்கவும் விடாது, நம்மையும் விடாது. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

வேகத்தை மாற்றாமலும் ஒரு பாட்டைத் தலைகீழாக்கலாம். 1965-இல் ஓட்டிஸ் ரெட்டிங் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கிற பாட்டு. 1967-இல் அரீத்தா ஃபிராங்ளின் அதே மரியாதையைப் பெண்ணாக நின்று கேட்டார், எழுத்து எழுத்தாக உச்சரித்துக் கேட்டார். துள்ளல் அப்படியே இருந்தது, கேட்கிற ஆள்தான் மாறியிருந்தார். அப்புறம் அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ஜானி கேஷ். நைன் இன்ச் நெயில்ஸ் ராக் இசைக்குழுவின் டிரென்ட் ரெஸ்னர் இருபதுகளில் எழுதிய 'ஹர்ட்' பாட்டை 2002-இல், எழுபது வயதில், தளர்ந்துபோன குரலில் பாடினார். இளைஞனின் சுயவெறுப்பாக இருந்தது, வாழ்ந்து முடித்தவரின் கணக்கெடுப்பாக மாறிவிட்டது. மெதுவான கவர்தான், சரி, ஆனால் அந்த மெதுவை அவர் வயசு கொண்டுவந்தது.

இண்டி பாட்டுகளில், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசையில், எனக்குப் பிடித்ததும் இந்த மாதிரி ஒரு நிஜம்தான். அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித் கிசுகிசுப்பது போலப் பாடுவார், அதே வரியை இன்னொரு முறை பாடி மேலே அடுக்குவார். இரண்டு தடவையும் அச்சு அசலாக ஒன்றுபோல வராது இல்லையா, அந்த மயிரிழை விலகலில்தான் தனக்குத்தானே பேசிக்கொள்கிற ஒருவரின் குரல் கேட்கிறது. இன்றைக்கு நிறையப் பேர் மைக்கை வாயருகே வைத்து மூச்சுச் சத்தத்தைத் தூக்கலாகப் பதிவு செய்துவிட்டு, சுருதியை மட்டும் மென்பொருளில் போட்டுச் சீராக்கிவிடுகிறார்கள். மூச்சு வேண்டுமாம், பிசிறு வேண்டாமாம். என்ன கணக்கோ!