பெயர் ஒத்துப்போனால் தாத்தா ஆகிவிட மாட்டார்

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று காலை அதே பதிவு நான்காவது வாட்ஸப் குழுவிலும் வந்து விழுந்ததும் பொறுக்க முடியவில்லை. எந்தப் பதிவு என்று உங்களுக்குத் தெரியும். வைக்கோல் கூரை வீடு, வாசலில் ரோஜாக் கொடி, மடியில் ஆட்டுக்குட்டியுடன் ஓர் இங்கிலாந்துப் பாட்டி, அவருடைய சின்ன வயசுக் கிராமத்து நினைவுகள், கீழே 1540 வரை போகிற குடும்ப மரம். கடைசியில், "வெள்ளைக்காரன் பதினாறு தலைமுறையை எழுதி வைத்திருக்கிறான், நமக்குப் பாட்டன் பெயருக்கு மேல் தெரியாது" என்று ஒரு பெருமூச்சு.

அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரி. மரத்தில் நடுவில் இருக்கிற ஓர் அம்மா 1702இல் ஞானஸ்நானம் பெறுகிறார், 1711இல் பிள்ளை பெறுகிறார், கணக்கு இடிக்கிறதே என்று கேட்டேன். வந்த பதில்களை நீங்களும் பார்த்தீர்கள். "காகிதப் பூச்சி" என்றார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பழைய காகிதத்தில்தான் காலம் ஓடுகிறது. "பொறாமை" என்றார்களே, அதுதான் புரியவில்லை. யார் மேல் பொறாமை? 1711இல் பிள்ளை பெற்றவர் மேலா?

திரும்பவும் சொல்கிறேன். பெயர் ஒத்துப்போனால் அவர் உங்கள் தாத்தா ஆகிவிட மாட்டார். இங்கிலாந்துக் கிராமங்களில் ஆண்களில் பாதிப்பேர் ஜான், வில்லியம், தாமஸ். பெண்கள் மேரி, எலிசபெத், ஆன். அண்ணன் தம்பி நாலு பேரும் தங்கள் அப்பா பெயரை மூத்த பையனுக்கு வைப்பார்கள். ஒரே பாரிஷில், அதாவது நம் ஊர்க் கிறித்தவர்கள் பங்கு என்கிறார்களே அதில், ஒரே வயதில் ஒரே பெயரில் மூன்று பேர் திரிவது சர்வ சாதாரணம். கைக்குழந்தை இறந்துபோனால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் வழக்கம்.

அதனால் ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் துள்ளிக் குதிக்காமல் முதலில் அடக்கப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அந்தக் குழந்தை ஆறே மாதத்தில் புதைக்கப்பட்டிருந்தால் உங்கள் மரத்தில் இருப்பது ஒரு சின்னக் கல்லறை. பிழைத்திருந்தால் அடுத்து ஐந்தாறு மைல் சுற்றளவில் உள்ள பாரிஷ்களிலும் அதே பெயரைத் தேட வேண்டும். அதன்பிறகு உயில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்குப் பதிவேட்டின் நகல் ஒன்றை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூலத்தை எலி தின்றிருந்தால் நகல் காப்பாற்றும். இரண்டும் இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நகல் எடுத்தவரும் மனிதர்தான். இவ்வளவும் செய்த பிறகுதான் "இருக்கலாம்" என்றே சொல்ல முடியும். இவர்கள் என்ன செய்கிறார்கள்? இணையதளம் ஒரு பெயரை நீட்டுகிறது, ஓகே அழுத்துகிறார்கள். ஒருவர் அழுத்தியதை நாற்பது பேர் நகலெடுக்கிறார்கள். பிறகு "நாற்பது மரத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று எனக்கே ஆதாரம் காட்டுகிறார்கள்.

"ஞானஸ்நானம் பிறந்த உடனேயே நடக்கணும்னு சட்டமா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, அங்கே வந்ததிலேயே உருப்படியான ஒரே கேள்வி. சட்டமில்லை. ஐந்து பிள்ளைகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வரிசையாக நிறுத்தித் தண்ணீர் தெளித்த பதிவுகள் உண்டு. ஆனால் வளர்ந்தவர் என்றால் பாதிரியார் பெரும்பாலும் பக்கத்தில் குறித்துவைப்பார். இங்கே குறிப்பு இல்லை. 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது, பக்கத்துக்கு எட்டுப் பதிவு: ஞானஸ்நானத் தேதி, குழந்தை பெயர், பெற்றோர் பெயர், குடும்பப் பெயர், இருப்பிடம், அப்பாவின் தொழில், பாதிரியார் கையெழுத்து. அவ்வளவு கட்டம் போட்டவர்கள் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் போடவில்லை. சில பாதிரியார்கள் தாங்களாகவே ஓரத்தில் எழுதிவைத்தார்கள், அவர்களுக்குப் புண்ணியம்.

இன்னொரு விஷயம், அதே மரத்தில் அதே பக்கத்தில். கல்யாணம் ஜூன் 1711, குழந்தை பிப்ரவரி 1711. உடனே கீழே கண்ணடிக்கிற பொம்மைகள், "வெள்ளைக்காரன் அப்பவே அப்படித்தான்" என்று கும்மாளம். ஐயா, அங்கே 1752 வரை புத்தாண்டு மார்ச் 25. ஜூன் 1711க்குப் பிறகுதான் பிப்ரவரி 1711 வரும். நம் கணக்கில் அது 1712. கல்யாணமாகி எட்டாம் மாதம் குழந்தை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பெண்ணின் மானத்தைக் காலண்டர் தெரியாமல் வாங்கிவிட்டார்கள். இதைச் சொன்னால் நான் நினைவைக் கொச்சைப்படுத்துகிறேனாம்!

1540க்கு வருவோம். ஒவ்வொரு பாரிஷும் பதிவேடு வைக்கச் சொல்லி, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டது 1538இல், சரிதான். ஆனால் ஆரம்பத்தில் எழுதியது பெரும்பாலும் சாதாரணத் தாளில். 1598இல் தோல் தாளுக்கு மாற்றி எழுதச் சொன்னபோது பல ஊர்களில் 1558க்கு முந்தையதை விட்டுவிட்டார்கள். பிறகு 1640களில் உள்நாட்டுப் போர், 1660 வரை பல பதிவேடுகளில் ஓட்டை. அந்த மரம் இந்த இரண்டு பள்ளத்தையும் அனுமார் கடலைத் தாண்டியதுபோல் தாண்டியிருக்கிறது.

1837க்கு வந்தால் எல்லாம் சுலபம் என்பார்கள். அந்த ஜூலை 1 முதல் அரசுப் பிறப்புப் பதிவு. ஆனால் பதிய 42 நாள் அவகாசம், அட்டவணையோ பதிந்த தேதியின் காலாண்டுப்படி. டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டு மார்ச் காலாண்டில் இருக்கலாம். 1875 வரை பதியாவிட்டால் பெற்றோருக்கு அபராதமும் கிடையாது, சிலர் பதியவே இல்லை. பழைய அட்டவணையில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டில்தான் தொடங்குகிறது. இப்போது இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகமே இணையத்தில் வைத்திருக்கும் புது அட்டவணையில் 1837 முதல் உண்டு. ஒரே பெயரில் இரண்டு குழந்தைகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். சென்சஸிலும் கண்ணிவெடி உண்டு. 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள், 44 வயது 40 ஆகிவிடும். பழைய சென்சஸ்களில் "சன் இன் லா" என்றால் மருமகன் என்று குதிக்கக் கூடாது, எட்டு வயசுப் பையனுக்கும் அப்படிப் போட்டிருக்கும். மனைவியின் முதல் புருஷனுடைய பிள்ளை என்று அர்த்தம்.

"ஆவணம் மட்டும்தான் உண்மையா அக்கா, பாட்டி சொன்னது பொய்யா?" பொய் என்று நான் எங்கே சொன்னேன்? என் சம்பந்தியம்மா இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்காரர். "எங்க பாட்டி பெரிய பங்களாவில் வளர்ந்தவங்க" என்பது அவர்கள் வீட்டில் வழிவழியாக வருகிற பெருமை. 1901 சென்சஸில் அந்தப் பங்களாவைத் தேடி எடுத்தோம். குடும்பத்தார் பெயர்கள், விருந்தாளிகள், சமையற்காரி, கடைசி வரியில் பாட்டி. வயது 14. தொழில், பாத்திரம் தேய்க்கும் பெண். பெரிய பங்களாவில்தான் வளர்ந்தார், பொய்யே இல்லை. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் பாத்திரத்தை அப்படிச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பாங்க" என்றார். இப்போது சொல்லுங்கள், யார் பாட்டியை யார் கொச்சைப்படுத்தினார்கள்?

"நம்மகிட்ட இதுவும் இல்லையே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அது வேறு பஞ்சாயத்து.

"அழகான ஒரு பால்யத்தை ஏன் கெடுக்கிறீர்கள்?" இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. யாருடைய பால்யம்? கிழக்கு இங்கிலாந்தில் பிள்ளைகளைக் கூட்டமாக ஓட்டிப்போய் வயலில் களை பிடுங்கவும் கல் பொறுக்கவும் விட்ட மேஸ்திரிகள் இருந்தார்கள். 1867இல் சட்டம் போட்டு, எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது என்றார்கள். எட்டு! அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பள்ளிக்கூடம் கட்டாயமானது 1880இல், அதுவும் பத்து வயது வரைதான். 1860களிலிருந்து அரசு மானியம் வாங்கிய பள்ளிகளில் தலைமையாசிரியர் தினக்குறிப்பு எழுதியாக வேண்டியிருந்தது. மானியம் வருகையையும் தேர்வையும் பொறுத்தது என்பதால் பிள்ளை வராத காரணத்தை அவர் விடாமல் எழுதினார். காக்கை விரட்டப் போனான், உருளைக்கிழங்கு நடப் போனான், மழை, பூட்ஸ் இல்லை. அவர் எழுதியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, பிள்ளை மேல் இரக்கப்பட்டு அல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி நமக்கு மிஞ்சியது அதுதான்.

அறுவடை முடிந்த வயலில் பைபிளில் வரும் ரூத் மாதிரி கதிர் பொறுக்கிய கதை அந்தப் பதிவிலும் அழகாக வருகிறது. பல ஊர்களில் காலையில் சர்ச் மணி அடித்த பிறகுதான் வயலில் இறங்கலாம். பிள்ளைகளும் குனிந்து பொறுக்கினால்தான் குளிர்காலத்துக்கு மாவு. 1788இலேயே நீதிமன்றம், கதிர் பொறுக்குவது ஏழைகளின் உரிமை அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன்பிறகும் பொறுக்கினார்கள் என்றால் பண்ணைக்காரர் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். இது பிக்னிக்கா?

அந்த ரோஜாக் கொடி வீடு அவர்களுடையது என்று யார் சொன்னது? விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுப்பதுதான் தசமபாகம்; அது பற்றிய 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்த தசமபாக வரைபடங்களில் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஓர் எண் உண்டு. கூடவே உள்ள பட்டியலில் சொந்தக்காரர் ஒரு பத்தியில், குடியிருப்பவர் அடுத்த பத்தியில். எடுத்துப் பாருங்கள். பண்ணை வேலை போனால் வீடும் போகும். பண்ணை ஆண்டு முடிகிற செப்டம்பர் 29 மைக்கேல்மஸ் திருநாள் வந்தால் தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். சென்சஸில் ஐந்து பிள்ளைகளுக்கு நான்கு பிறந்த ஊர் இருப்பது அதனால்தான். மரத்தில் அதை "ஊர் சுற்றும் ஆர்வமுள்ள குடும்பம்" என்று எழுதியிருக்கிறார்கள். சத்தியமாக.

சரி, நான் நிபுணர் இல்லை, யாருக்கும் பாடம் எடுக்கவும் வரவில்லை. பதிவு போட்டவருக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். அந்தப் பாட்டியின் பாட்டி 1911 ஏப்ரல் 2 அன்று உயிரோடு இருந்தார் என்று உங்கள் மரமே சொல்கிறது. அந்த ஆண்டு சென்சஸில்தான் முதன்முதலாக வீட்டுக்காரர்கள் தம் கையாலேயே நிரப்பிய தாள் அப்படியே இருக்கிறது. கல்யாணமான பெண்களுக்கு அதில் சில கட்டங்கள்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. விதவைகள் நிரப்பத் தேவையில்லை, ஆனாலும் பலர் நிரப்பினார்கள். அதிகாரிகள் அதன்மேல் கோடு போட்டு அடித்தார்கள். அடித்த மைக்கு அடியில் எண் இன்றும் படிக்க முடிகிறது.

உங்கள் மரத்தில் அவருக்கு நான்கு பிள்ளைகள். தாளில் என்ன எண் இருக்கிறது என்று யாராவது பார்த்து அந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். நான் எழுதினால் பூச்சி என்பார்கள்.