போர்வை கொடுப்பது சுலபம், பக்கத்தில் உட்கார வைப்பது?

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் சபைகளில் அன்புக்குக் குறைவே இருக்காது. அனாதை இல்லத்தில் கேக் வெட்டுவோம், முதியோர் இல்லத்துக்குப் போர்வை கொண்டு போவோம், வாங்குகிறவர் முகம் போட்டோவில் சரியாக விழும்வரை போர்வையை விடமாட்டோம். இதைக் கிண்டல் செய்யவே இந்தப் பதிவு என்று நினைக்க வேண்டாம். குளிரில் கிடப்பவருக்குப் போர்வை போர்வைதான். ஆனால் நாம் நேசிக்கிற அந்தப் 'பிறர்' எப்போதும் நமக்குக் கீழே நின்று கை நீட்டுகிறவராகவே இருக்கிறாரே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவரே எழுந்து வந்து நம் பக்கத்தில் உட்கார இடம் கேட்டால் நம் அன்பு என்ன ஆகிறது?

வேதாகமத்தில் கலாத்தியர் 2-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல நழுவிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் நழுவினார்கள், பர்னபா உட்பட. பேதுரு யாரையும் திட்டவில்லை, சபையை விட்டுத் தள்ளவில்லை. நம்ம ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். பவுல் அதை விடவில்லை. 'சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாதது' என்று எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கேட்டார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதையே விசுவாசத்தின் பரீட்சையாக அவர் வைத்துவிட்டார். இந்தப் பகுதியை வைத்து எங்கள் பக்கம் பிரசங்கம் கேட்பது அபூர்வம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லைச் சீமையில் இதைப் பேசினால் வடக்கன்குளத்தைப் பேசாமல் முடியாது. 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனது அந்த ஊரில்தான். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், எல்லாரும் சமம் என்றார். 1752-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயரில் 'பிள்ளை' இல்லை. சாதிப் பெயர் வேண்டாம் என்று முன்பே எடுத்துவிட்டார்கள். நான் கத்தோலிக்கன் இல்லை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆள், ஆனாலும் அன்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1870-களில் ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும் இரண்டு மண்டபங்கள். பிள்ளை, முதலியார் ஒரு மண்டபத்தில், நாடாரும் மற்றவர்களும் இன்னொன்றில். பூசையில் நிற்கும் குருவானவரை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம். என்ன ஒரு பொறியியல் மூளை! 1910-ல் குருக்கள் அந்தப் பிரிவினைச் சுவரை இடித்துத் தள்ளியபோது, அது எங்கள் உரிமை, வழிவழியாக வந்த வழக்கம் என்று ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை.

நான் அந்த 'இன்னொரு' மண்டபத்தில் நிறுத்தப்பட்டவர்களின் சமுதாயத்தில் பிறந்தவன். தெற்குத் திருவிதாங்கூரில் மேலாடை போடும் உரிமைக்காக எங்கள் பெண்கள் அடி வாங்கிய கதை எங்கள் வீடுகளில் பெருமையோடு சொல்லப்படும். சொல்லத்தான் வேண்டும். அப்புறம் அதே வாயால், 'அந்தத் தெருக்காரர்களுக்குத் தனியாக ஒரு ஜெபக்கூடம் இருக்கிறதே, இங்கே எதற்கு வருகிறார்கள்' என்று கேட்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சுவரை இடித்தவர்கள் பக்கம் நாம் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்குக் கீழே என்று நாம் நினைப்பவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

இது ஒரு சாதி, ஒரு சபைப் பிரிவின் கதையும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றி எத்தனையோ போராட்டம் நடந்திருக்கிறது. 2008-ல் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிக் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. எங்கள் சி.எஸ்.ஐ. திருமண்டலத் (மறைமாவட்டத்) தேர்தலில் ஓட்டு எந்தக் கணக்கில் விழுகிறது என்பதை நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

'நம்ம மிஷனரிகள் கட்டின ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அன்பு இல்லையா?' என்று கேட்பார்கள். அதுவும் அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் நடந்ததைச் சரியாகப் பார்க்க வேண்டும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். கை சரியானது, ஆனால் வேலை கொடுக்க ஆளில்லை. கை நன்றாக இருப்பதால் பிச்சையும் முன்போல் விழவில்லை. அதனால் அவர்கள் தொழில் கற்றுக்கொள்ள நவ ஜீவ நிலையம் என்று ஓர் இடத்தை உண்டாக்கினார். வேலூரிலேயே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர்கள் தேடியது அந்த மனிதர் இனி யாரிடமும் கை நீட்ட வேண்டாத ஒரு நாளை. நம் டிசம்பர் போர்வை அடுத்த டிசம்பரிலும் அதே ஆள் அதே இடத்தில் நிற்பதைத்தான் எதிர்பார்க்கிறது.

எங்கள் பக்கம் அசனப் பண்டிகை என்று ஒன்று உண்டு. ஊரே கூடிச் சமைத்து, வந்தவர் எல்லாருக்கும் சோறு போடுவது. பெரிய அண்டாக்களில் கொதிக்கும் கறிக்குழம்பின் வாசனை இரண்டு தெரு தாண்டி வரும். பந்தியில் பக்கத்தில் உட்காருபவர் யார் என்று அன்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் திருவிருந்தைவிட அதுதான் திருவிருந்து மாதிரித் தெரியும் (எங்கள் சபைப் போதகர் ஐயர் மன்னிக்கவும்). ஆனால் இலை எடுத்த மறுநாள் முதல் கல்யாணப் பேச்சில் பழைய கணக்கு வந்துவிடும். திருமண விளம்பரங்களைப் பாருங்கள்: 'இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஊழிய பாரமுள்ள' என்று நாலு வார்த்தை, கூடவே சாதி. மறுபடியும் பிறந்த பிறகும் முதல் பிறப்பு நம்மை விடுவதில்லை. சாதி பொருத்தம் பார்த்து முடித்த அந்தக் கல்யாணத்தில், அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐத்தான் வாசிக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். திருமணத் தகவல் மையத்துப் படிவத்தில் சாதி என்ற கட்டத்தைக் காலியாக விடலாம் என்றேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், 'நீ பாட்டுக்கு பேஸ்புக்ல எழுதிருவ, ஊருக்குள்ள பதில் சொல்லப்போறது நாங்கல்லா' என்றாள். அவள் சொல்வது நியாயம்தான், ஒரு வீடு மட்டும் ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் கேட்பது வீடுகளை அல்ல. இந்த மையங்களை நடத்துகிற சபைகளும் ஊழியங்களும் அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுக்கட்டும். எங்கள் பிள்ளையின் படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பவில்லை, காலியாக விடுவோம் என்றும் யாரும் சொல்லவில்லை.